கேட்காமல் நிரப்பிய படிவம்

1

எங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார் என்று வினோதினி என்னைக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் கொடுத்த வேலை அது. வீட்டில் இருப்பவர்களை ஒவ்வொருவராகத் தனியே உட்காரவைத்து ஒரே பத்துக் கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழக் கூடாது. பிறகு பதில்களைப் பக்கம்பக்கமாக வைத்துப் பார்த்து ஒரு கட்டுரை எழுத வேண்டும். இங்கே அயர்லாந்தில் பதிமூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஊரில் நமக்கு அந்த வயதில் கங்கைச் சமவெளியின் மண்வகைகளை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள்.

வினோதினி என் அண்ணன் மகள். ஆறு வயதில் எங்களோடு கார்க் நகரத்துக்கு வந்தாள். என் மனைவி ஜெசிந்தா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்துத்தான் நாங்கள் வந்தோம். நான் ஒரு பல்பொருள் அங்காடியின் குளிர்க் கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். ஏழு வருடம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இவள்தான்.

"எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்பிடறோம். எழுதிக்கோ" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். அடுத்து ஜெசிந்தாவைக் கூப்பிட்டு என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். சாயங்காலம் இரண்டு தாள்களையும் மேசைமேல் வைத்தாள். "நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்" என்ற கேள்விக்கு ஜெசிந்தாவின் பதில் இப்படி இருந்தது: வினோ தட்டில் மிச்சம் வைத்த பாஸ்தா. சிங்க் பக்கத்தில், நின்றபடி.

எனக்குக் கோபம் வந்தது. பிள்ளையின் ஆசிரியை இதைப் படித்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பாள் என்ற கோபம். "ஒரு நாள் அப்படி ஆகியிருக்கும். அதப் போயி எழுதச் சொல்வியா?" என்றேன்.

"முந்தாநாளும் அப்படித்தான். நீங்க என்னைக்குத் திரும்பிப் பாத்தீங்க?" என்றாள் ஜெசிந்தா. குரலை உயர்த்தவில்லை. டூட்டிக்கு நேரமாகிவிட்டது, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இந்த இடத்தில் வேறு ஒருவனாக இருந்தால் வெட்கப்பட்டு, மறுநாள் இரண்டு பாத்திரம் கழுவிக்கொடுத்துவிட்டு மறந்திருப்பான். என்னால் முடியவில்லை. ஏனென்றால் இந்தக் கேள்விகளை ஒரு காலத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்டவன் நான்.

2

பி.ஏ. பொருளாதாரம் முடித்து, மறைமலைநகரில் எந்தத் தொழிற்சாலையும் என்னை எடுத்துக்கொள்ளாமல், சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைச் சுவரில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்த வருடம் 1995. சென்னையிலிருந்து சரோஜினி மேடம் என்று ஒருவர் வந்தார். வீட்டுக்குள் சாப்பாடு எப்படிப் பிரிகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவர். வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத நாலு பேரை எடுத்தார். அதில் நான் ஒருவன். செங்கல்பட்டிலிருந்து ரெஹானா என்ற பெண் ஒருத்தி.

ஒரு பையில் அளவு டம்ளர், கரண்டி, கிண்ணம் எல்லாம் கொடுத்திருந்தார்கள். எத்தனை கரண்டி சோறு என்று காட்டச் சொல்வதற்கு. நான் தெருவில் நுழைந்தால் பாத்திரக்காரன் வந்துவிட்டான் என்று பழைய துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வருவார்கள். கேள்வி கேட்க வந்தவன் என்று தெரிந்ததும் முகம் சுருங்கிவிடும்.

மேடம் எங்களுக்குச் சொன்ன முதல் விதி இது: "வழக்கமா என்ன சாப்பிடுவீங்கன்னு கேக்காதீங்க. நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு கேளுங்க. வழக்கம்னு கேட்டா எப்படி இருக்கணுமோ அதச் சொல்வாங்க. அவங்க பொய் சொல்லல. நம்பறதச் சொல்றாங்க." இரண்டாவது விதி, ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்துக் கேட்கக் கூடாது.

எனக்கு முதலில் இது படித்தவர்களின் வீண்வேலை என்று பட்டது. சோறு யார் தின்றார்கள் என்பதில் ஆராய என்ன இருக்கிறது? அப்புறம் ஒரு நாள் நாவலூருக்குப் போனேன். அங்கே அப்போது கண்ணாடிக் கட்டிடம் எதுவும் கிடையாது. ஏரி, வயல், முள்காடு. ஒரு வீட்டில் வாசலில் கட்டிலில் படுத்திருந்தவர் சொன்னார்: "எங்க வூட்ல இன்னா கீதோ அத்த எல்லாரும் சமமாத்தான் துன்றோம். எழுதிக்கோ நைனா."

எழுதிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனேன். அவர் மனைவி விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"நேத்தா? காலைல டீ. மத்தியானம் சட்டில ஒட்டிக்கினு இருந்தத தண்ணி ஊத்தி குட்ச்சேன்."

"ராத்திரிக்கு?"

"அவரு சொந்தக்காரரு வந்துட்டாரு."

"சரிம்மா, நீங்க ராத்திரிக்கு இன்னா சாப்ட்டீங்க?"

"அதான் சொல்றனே, அவரு வந்துட்டாருன்னு."

அந்த அம்மாவுக்கு என் மந்தபுத்தி மீது எரிச்சல். விருந்தாளி வந்தால் சமைத்தவளுக்கு இல்லை என்பதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா என்பது போலப் பார்த்துவிட்டுக் கோடரியை ஓங்கினார்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு அந்த முன்வாசல், பின்வாசல் கணக்குத்தான். சில வீடுகளில் இரண்டு பதிலும் ஒன்றாகவே இருக்கும், சந்தோஷமாக இருக்கும். பல வீடுகளில் இருக்காது. கர்ப்பமாக இருக்கிற பெண் முந்தைய நாள் மிகக் குறைவாகச் சாப்பிட்டிருந்தால் படிவத்தின் தலையில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட வேண்டும். அந்த வாரத்துக்குள் ஒரு நர்ஸ் அந்த வீட்டுக்கு வருவார். ரத்தம் பார்த்து, மாத்திரை கொடுத்து, தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுப்பார். மேடம் தன் ஆராய்ச்சிக்கு வெளியே, தன் சொந்த முயற்சியில் செய்திருந்த ஏற்பாடு அது.

நான் டீக்கடையில் பெரிய ஆளாகிவிட்டேன். கூடப் படித்தவன் ஒருவன் கேட்டான்: "சமைக்கிறவளுக்கு இல்லாம பூடுமா மச்சான்? இன்னா பேச்சு பேசுற?"

"போயி உங்க வூட்ல கேட்டுட்டு வந்து பேசு" என்றேன். கடையே சிரித்தது. எனக்கு அப்படி ஒரு பெருமை.

3

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து வளர்ந்தவர்கள். சொந்தமாக ஒரு காணி கிடையாது. நான் தலையெடுத்தபோது அந்தக் காலம் முடிந்துவிட்டது. அப்பா குடியிருப்பு ஒன்றில் தோட்ட வேலைக்குப் போனார். அண்ணன் ஏழுமலைக்கு மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ் ரோட்டு முனைக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். அண்ணி கோமளா மாமல்லபுரம் போகிற வழியில் கடற்கரையோர ஓட்டல் ஒன்றில் அறை சுத்தம் செய்கிற வேலைக்குப் போனாள். தாயில்லாப் பெண். தகப்பனும் இல்லை. யாரோ ஒரு மாமன் வளர்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டு, பிறகு அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான்.

எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. ஓட்டலில் வெள்ளைக்காரர்கள் துண்டை எப்படி மடித்து வைக்கச் சொல்வார்கள் என்று நடித்துக் காட்டுவாள். என் படிவங்களை வாங்கிப் பார்த்து, "இதுக்கு ஒரு படிப்பா தம்பி? சோறு துன்னியான்னு கேக்கறதுக்கு?" என்று கேலி செய்வாள்.

யாரும் சட்டம் போடாமலே வீட்டில் ஒரு வரிசை இருந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்த அண்ணன் முதலில். அப்பா. நான். அம்மா. அப்புறம் அண்ணி. நாலு வீட்டுக்கும் சேர்த்துச் சம்பாதிப்பவள் போல விடிகாலையில் எழுந்து வேலைக்குப் போய், நாலு மணிக்குத் திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைப்பாள். ஐந்து வருடம் கழித்து அந்த வருடம்தான் உண்டாகியிருந்தாள். வீட்டில் அத்தனை பேருக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடுதான் அம்மா சொன்னாள்: "அளவா துன்னு கோமளா. புள்ள பெருசாயிட்ச்சினா எப்டி பெப்பே? எனக்குலாம் எவ குந்த வச்சி குட்த்தா?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அம்மா அதை நம்பினாள். கர்ப்பிணி வயிறாரச் சாப்பிட்டால் குழந்தை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்பதை எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் கேட்டு நானே எழுதியிருக்கிறேன். "தவறான நம்பிக்கை" என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் அடிப்பேன். அதே வாக்கியம் எங்கள் அடுப்பங்கரையில் கேட்டபோது என் காதில் அம்மாவின் குரலாக மட்டும்தான் விழுந்தது.

நான் தினமும் அண்ணியைக் கேட்டிருக்கிறேன். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். "சாப்ட்டியா அண்ணி?" என்று கேட்டுக்கொண்டே கை கழுவப் போவேன். "ஆச்சு தம்பி" என்பாள். நாம் எதிரில் வருகிற அத்தனை பேரையும் சாப்பிட்டாயா என்று கேட்கிற ஜனங்கள். ஆச்சு என்பதைத் தவிர வேறு பதிலுக்கு நாம் நின்றதே இல்லை. இங்கே கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேஸ்திரி மத்தியானம் வந்து டின்னர் ஆச்சா என்றான். பட்டப்பகலில் டின்னரா என்று விழித்தேன். இந்த ஊரில் மத்தியானச் சாப்பாட்டுக்கே அந்தப் பெயர். ஆச்சு என்று சொல்லிவைத்தேன். என்ன சாப்பிட்டாய் என்று அடுத்த கேள்வி கேட்டுவிட்டு அங்கேயே நின்றான். நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை, மாட்டிக்கொண்டேன்.

4

ஆராய்ச்சிப் பட்டியலில் எங்கள் தெருவும் வந்தது.

சொந்தத் தெருவுக்கு யாரும் போகக் கூடாது என்பது மூன்றாவது விதி. எங்கள் தெரு ரெஹானாவுக்கு. அவளுக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டாள். சனிக்கிழமை படிவங்களைச் செங்கல்பட்டில் மேடத்திடம் ஒப்படைக்க வேண்டும். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நானே முடிவு செய்தேன். வியாழனும் வெள்ளியும் தெருவைச் சுற்றினேன். முன்வாசலில் கேட்டு, பின்வாசலில் கேட்டு, ஒழுங்காகத்தான் எழுதினேன். இரண்டு படிவங்களில் சிவப்பு வட்டமும் போட்டேன்.

எங்கள் வீட்டுப் படிவத்தைச் சனிக்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் தொடைமேல் வைத்து நிரப்பினேன். எங்கள் வீடுதானே. எனக்குத் தெரியாததா?

அண்ணியின் பெயருக்கு நேரே "நேற்று" என்ற பகுதி வந்தது. நேற்று வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று யோசித்தேன். காலையில் இட்லி நாலு. மத்தியானம் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. இரவு சோறு, வறுத்த சங்கரா மீன் இரண்டு. கர்ப்பம், ஆம், ஏழாம் மாதம். பஸ் வந்துவிட்டது.

அது நான் சாப்பிட்டது. ஒரு பருக்கை மாறாமல் நான் முந்தைய நாள் சாப்பிட்டதை அவள் பெயரில் எழுதியிருந்தேன்.

மேடம் படிவங்களைப் புரட்டும்போது முகவரியைப் பார்த்து நிறுத்தினார். "இது உங்க வீடு இல்ல? யார் கேட்டது?"

"ரெஹானா முன்னாடியே கேட்டு எழுதி வச்சதுதான் மேடம்" என்றேன்.

அடுத்த வாரம் நர்ஸ் எங்கள் தெருவுக்கு வந்தார். வட்டம் போட்ட இரண்டு வீடுகளுக்கும் போனார். வெயிலுக்கு எங்கள் வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அண்ணி அப்போது ஓட்டலில் இருந்தாள். நர்ஸ் சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

5

இரண்டு மாதம் கழித்துப் பிரசவ வலி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. "உடம்புல ரத்தமே இல்லையே. கூட இருக்கறவங்க யாரும் இந்தப் பொண்ணப் பாக்கவே இல்லையா?" என்று டாக்டரம்மா அண்ணனைப் பார்த்துக் கேட்டார். அண்ணனுக்குக் கேள்வியே புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சாயங்காலத்துக்குள் அண்ணி போய்விட்டாள்.

நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். மேடம் இரங்கல் சொல்லிக் கடிதம் போட்டிருந்தார், பதில் எழுதவில்லை. பின்னால் அந்த ஆராய்ச்சி புத்தகமாக வந்ததாகக் கேள்விப்பட்டேன். வாங்கவில்லை. எல்லாரும் சமமாகச் சாப்பிடுகிற வீடுகள் என்று அதில் ஏதாவது ஒரு பக்கத்தில் இருக்கும். எங்கள் வீடும் அதில் இருக்கும். மற்றவர்களின் கண்ணைத் திறக்க எழுதிய புத்தகத்தில் நான் சேர்த்த பொய் அது.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அண்ணனும் இரண்டாவது கட்டிக்கொண்டான். பிள்ளையை அம்மா வளர்த்தாள். அம்மா போனபின் வினோதினியை இங்கே கொண்டுவருவதற்காக நான் அலைந்த அலைச்சலைத் தனியாகவே எழுதலாம். செங்கல்பட்டு கோர்ட்டில் ஒரு மனு, வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு சான்று, அதற்கு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பு சரிதான் என்பதற்கு இன்னொரு முத்திரை. ஒவ்வொரு தாளிலும் தாயார் இறந்த காரணம் என்று ஒரு கோடு. ஒவ்வொன்றிலும் "பிரசவம்" என்று எழுதினேன். அதைப் பார்த்த எந்த அதிகாரிக்கும் மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை. அந்தச் சொல்லை எழுதியதும் விதி என்பது போல எல்லாரும் தலையை ஆட்டிவிடுகிறார்கள்.

ஜெசிந்தாவிடமும் நான் அவ்வளவுதான் சொல்லியிருந்தேன்.

6

வினோதினியின் பிறந்தநாள் இந்த வாரம் வருகிறது. அவள் அம்மா இறந்த நாளும் அதுதான் என்பதால் நாங்கள் பெரிதாகக் கொண்டாடுவதில்லை. வயது ஏற ஏற அவள் பேச்சில் தமிழ் குறைந்துகொண்டு வருகிறது. அம்மாவைப் பற்றிக் கேட்பதும் குறைந்துவிட்டது. அதில் எனக்கு ஒரு கேவலமான நிம்மதி இருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். போன வாரச் சண்டைக்குப் பிறகு ஜெசிந்தாவையும் உட்காரவைத்தே தீருவேன் என்று வினோதினி பிடிவாதம். திடீரென்று கேட்டாள்: "சித்தி சொன்னாங்க, நீங்க ஊர்ல இந்த மாதிரி சர்வே ஜாப் பண்ணீங்கன்னு. எங்க அம்மாவயும் கேட்டீங்களா சித்தப்பா? அவங்க ஆன்சர் எங்கயாச்சும் இருக்குமா?"

அவள் ஆசையாகக் கேட்டாள். அம்மாவின் ஒரு புகைப்படம்தான் அவளிடம் இருக்கிறது. அம்மாவின் வாயிலிருந்து வந்த நாலு வரி எங்கேயாவது ஒரு தாளில் இருந்தால் அவளுக்கு அது எவ்வளவு பெரிது! இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நாலு இட்லி, கத்தரிக்காய்க் குழம்பு, இரண்டு சங்கரா மீன் என்று மறுபடியும் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன். பஸ் ஸ்டாப், நர்ஸ், எல்லாம்.

ஜெசிந்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஏழாம் மாசத்திலயா?" ஆமாம் என்றேன். ஏழாம் மாதத்தில் மாத்திரை தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அது அவள் தொழில். மேசையை விட்டு எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"ஏன் கேக்கல?" என்றாள் வினோதினி.

நேரமில்லை என்றேன். பஸ் வந்துவிட்டது என்றேன். பதிமூன்று வயதுப் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அப்புறம் உண்மையைச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். எனக்குத் தெரியாமல் இல்லை. சட்டியில் எத்தனை மீன் விழுந்தது, என் தட்டில் எத்தனை வந்தது என்று பார்க்கிற கண் எனக்கு அந்த வேலையாலேயே வந்திருந்தது. வெயிலில் சுற்றுகிற பிள்ளை என்று அண்ணி எனக்கு இரண்டு வைப்பாள். கேட்டிருந்தால் அண்ணி மழுப்பியிருப்பாள், நான் விடாமல் நேற்று நேற்று என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். சொல்லிவிட்டால் மறுநாள் அந்த இரண்டாவது மீனை நான் சாப்பிட முடியாது. அவ்வளவுதான் காரணம். ஊராரின் கண்ணை எல்லாம் திறந்துகொண்டு திரிந்தவன் ஒரு துண்டு மீனுக்காக வாயை மூடிக்கொண்டேன்.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம். "அம்மாவுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?" என்றாள். பிறந்தநாளைக்கு அதைச் சமைக்கலாமே என்றாள். எழுதிக்கொள்ளப் பேனாவைக் கூட எடுத்துவிட்டாள்.

யோசித்தேன். அண்ணனுக்கு மீன் தலை. அப்பாவுக்குக் கருவாட்டுக் குழம்பு, முந்தின நாள் வைத்ததாக இருக்க வேண்டும். அம்மாவுக்குச் சுட்ட அப்பளம். எனக்குச் சங்கரா. அண்ணி இதையெல்லாம் ஒரு தடவை கூட மறந்ததில்லை. அண்ணிக்கு? ஆறு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"உங்க அப்பாவக் கேப்போம்" என்று ஊருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அங்கே இருட்டத் தொடங்கியிருக்கும். டிவி சத்தம் கேட்டது.

"இன்னாடா சேகரு, புள்ள நல்லா கீதா?"

"நல்லா இருக்கா. ண்ணா, அண்ணிக்கு இன்னா சாப்பாடு புடிக்கும்?"

"யாருக்கு?"

"கோமளா அண்ணிக்கு."

டிவியை யாரையோ குறைக்கச் சொன்னான். லைன் போய்விட்டதா என்று பார்த்தேன், போகவில்லை.

"அவளுக்கா?" என்றான். "அவ எத்த குட்த்தாலும் துன்னுவாடா. இதுதான் வோணும்னு ஒரு நாளும் கேட்டதில்ல. நல்ல பொண்ணு."

வினோதினி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "வேற யாரக் கேக்கலாம் சித்தப்பா?" என்றாள்.

யாரும் இல்லை என்றேன்.